வீட்டுக்கு ஓர் ஏஐ உதவியாளர்: வாடகைக்கா, சொந்தமாகவா, ரெண்டும் கலந்தா?

எங்கள் வீட்டு நடையில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழிப்பது அம்மா. கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் வீட்டு நிர்வாகம் மொத்தமும் இருக்கிறது. மதுரையிலிருந்து மல்லிகை நாற்று கேட்டவர் எத்தனை கட்டு கேட்டார், சுகர் மாத்திரை எந்தத் தேதியில் தீரும், அண்ணன் மீன்பிடி போட்டில் ஏற்றிய ஐஸுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, கேஸ் எப்போது பதிந்தது, எல்லாம் அதில்தான். ஒரு தாள் பறந்துபோனால் அந்த வாரக் கணக்கும் கூடவே பறந்துவிடும். ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது.

நான் ராமநாதபுரத்தில் கணக்கு எழுதும் வேலைக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். பைத்தான் என்ற நிரல் மொழி கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். இந்தத் தாள்களை ஓர் ஏஐ உதவியாளரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இறங்கி, மூன்று வழிகளை மாறி மாறிப் பார்த்துவிட்டேன். ரெடிமேடாகக் கிடைக்கும் செயலி ஒன்று. எல்லாவற்றையும் வீட்டுக் கணினியிலேயே ஓட்டுவது இன்னொன்று. மூன்றாவது, மூளையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மற்றதை நாமே கட்டிக்கொள்வது. எனக்கு ஒத்துவந்தது மூன்றாவது. உங்களுக்கும் அதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு முதலாவதே போதும்.

உதவியாளர் என்று மொத்தமாகப் பார்த்தால் ஒப்பிடவே முடியாது. உள்ளே நான்கு வேலைகள் இருக்கின்றன. நாம் பேசுவதை எழுத்தாக்கும் காது. அதைப் புரிந்துகொள்ளும் மூளை. பதிந்து வைக்கும் நோட்டு. நேரத்துக்கு அடிக்கும் மணி. விளம்பரமெல்லாம் மூளையைப் பற்றித்தான். வீட்டுக் காரியத்தில் காலை வாரிவிடுவதோ மற்ற மூன்றும். அதிலும் நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி.

ரெடிமேட் செயலியிலிருந்து தொடங்குகிறேன். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், எதை எடுத்தாலும் இன்றைக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. கொஞ்ச வருடம் முன்பு இப்படி இல்லை. இந்தச் செயலிகளுக்குள் மூளையாக இருக்கும் மாடல்கள் எழுத்தை டோக்கன் என்னும் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். ஆங்கிலத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டுகிறவை, தமிழைக் கொத்துக்கறி ஆக்கிவிடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டாகிப்போன ஒரு தமிழ் வாசகம் 35 துண்டில் அடங்கியது. துண்டு குறைந்தால் காசும் குறையும், காத்திருப்பும் குறையும். நினைவூட்டலும் இப்போது உண்டு. ஜெமினியை கூகுள் காலண்டரோடு இணைத்துக்கொள்ளலாம். சாட்ஜிபிடியிலும் 2025 ஜனவரியில், குறித்த நேரத்துக்கு ஒரு வேலையைச் சொல்லி வைக்கும் வசதி, முதலில் காசு கட்டுகிறவர்களுக்கு, வந்தது.

நான் ஒரு செயலியை எடுத்து (எது என்பது முக்கியமில்லை, இந்தக் குணம் எல்லாவற்றுக்கும் உண்டு) ஒரே உரையாடலில் ஐஸ் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மாதக் கடைசியில் மொத்தம் கேட்டேன். அழகாக ஓர் அட்டவணை வந்தது, அடியில் கூட்டுத்தொகையும். அண்ணன் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "போட்டே போகாத வியாழக்கிழமைக்கு எவன் ஐஸ் ஏத்துனான்?"

வெளியூர்க்காரர்களுக்கு: ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. அந்த வியாழக்கிழமை வரியை நான் சொல்லவே இல்லை. மாடல் ஏடு பார்த்துப் பதில் சொல்வதில்லை. முன்னால் இருக்கிற எழுத்தைக் கொண்டு அடுத்த எழுத்து எதுவாக இருக்கும் என்று கட்டிக்கொண்டே போகிறது. பேச்சு நீள நீளப் பழைய வரி மங்கும். மங்கிய இடத்தை 'தெரியாது' என்று விடாமல் பொருத்தமாக ஏதாவது இட்டு நிரப்பும். கதைக்கு இது நல்ல குணம். ஐஸ் பாக்கிக்கு ஆகுமா?

மணியிலும் ஒரு சிக்கல். நான் வைத்த நினைவூட்டல் என் போனில்தான் அடிக்கும். அம்மாவின் மாத்திரைக்கான மணி, நான் பஸ்ஸில் பாம்பன் பாலத்தின் நடுவில் நிற்கும்போது அடித்தது. மாத்திரை வீட்டில், அம்மா கொல்லையில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நான் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்றால், இதில் உதவியாளர் யார்?

ஆனாலும் ஒன்று. தனி ஆள், ஒரே போன், காலண்டரில் நான்கு வேலை, அப்புறம் கடிதம் எழுத, ஒரு படிவத்தைப் புரிந்துகொள்ள உதவி. இவ்வளவுதான் தேவை என்றால் ரெடிமேடோடு நின்றுகொள்ளுங்கள். கணக்கை மட்டும் அதன் நினைவில் விடாமல் தனியே ஒரு ஷீட்டில் எழுதுங்கள். இதற்கு மேல் கட்டுவது வேலை மெனக்கெட்ட வேலை.

சரி, யாரிடமும் எதையும் கொடுக்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால்? இந்த யோசனைதான் எனக்கு ஆரம்பத்தில் ரொம்பப் பிடித்திருந்தது. ஒல்லாமா என்ற மென்பொருளைப் போட்டால், திறந்த மாடல்களை நம் கணினியிலேயே இறக்கி ஓட்டலாம். காசு கிடையாது, நெட் தேவையில்லை, அம்மாவின் ரத்தப் பரிசோதனை எண்கள் வாசலைத் தாண்டாது.

இடிப்பது கணக்கில்தான். 800 கோடி எண்களால் ஆன ஒரு மாடலை, எண்ணுக்கு 4 பிட் என்று சுருக்கினாலும், எடையே 4 ஜிபிக்கு மேல் வரும். என் லேப்டாப்பில் மொத்த நினைவகமே 8 ஜிபி. பிரவுசரையும் திறந்து வைத்தால் மூச்சு வாங்குகிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் பதில் சொல் சொல்லாகச் சொட்டுகிறது. வரிசையில் நின்று குடிதண்ணீர் பிடிக்கிற மாதிரி. அதைவிடத் தமிழ்தான் பெரிய தடை. 2024 ஜூலையில் வந்த லாமா 3.1 மாடலுக்கு மெட்டா அதிகாரபூர்வமாகச் சொன்ன மொழிகள் எட்டு. இந்தி உண்டு, தாய்லாந்து மொழி உண்டு, தமிழ் இல்லை. 2025 மார்ச்சில் வந்த கூகுளின் ஜெம்மா 3 இதில் தேவலை, 140க்கு மேற்பட்ட மொழிகள் என்கிறார்கள், 4 ஜிபிக்குள் அடங்கும் சின்ன அளவும் உண்டு. நான் போட்டுப் பார்த்த சின்ன மாடல்களில் "நாளன்னைக்கு" என்று சொன்னால் சில நேரம் நாளை, சில நேரம் நாளை மறுநாள். பேப்பர் தமிழில் சொன்னால் சரியாக எடுத்துக்கொண்டது. அம்மா ஏன் பேப்பர் தமிழில் பேச வேண்டும்?

அப்புறம் உப்புக்காற்று. இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, மிக்ஸி திருகு, கேட் தாழ்ப்பாள் எல்லாம் எப்படி அரிக்கிறதோ, அப்படித்தான் நாள் முழுக்க ஓடும் கணினியின் மின்விசிறியும் சார்ஜர் முனையும். நான்காவது மாதம் லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் பச்சை பூத்திருந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் மூளையும் போய்விடும், மணியும் போய்விடும். உதவியாளர் அதிகம் தேவைப்படுகிற நாள் அன்றுதான்.

16 ஜிபி நினைவகம், ஒரு கிராபிக்ஸ் கார்டு, இன்வெர்ட்டர், கடலைவிட்டுத் தள்ளி வீடு, இவ்வளவும் இருப்பவருக்கு இந்த வழி நல்ல வழி. பரமக்குடிக்காரர்கள் முயலலாம். நான் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான்.

நோட்டு, கூகுள் ஷீட். தேதி, யார், என்ன, எவ்வளவு, வந்ததா போனதா என்று ஐந்து பத்தி. அண்ணன் தன் போனிலேயே திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் அங்கேயே திருத்தலாம். இரவானால் அதன் பிரதி ஒன்றை என் பென்டிரைவில் இறக்கிக்கொள்கிறேன். மூளையின் வேலையைக் குறுக்கிவிட்டேன்: வந்த வாக்கியத்தை அந்த ஐந்து பத்திக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதோடு சரி. கூட்டிக் கழிப்பது ஷீட். "ஐஸ் பாக்கி எவ்வளவு" என்று கேட்டால், எந்தப் பத்தியைக் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் மாடல் சொல்லும், எண் ஷீட்டிலிருந்து வரும். இதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை ஐஸ்கூட வந்ததில்லை. நாளைக்கு இந்த மாடல் விலை ஏறினாலும், வேறு நல்லது வந்தாலும், மூளையை மாற்றிக்கொள்ளலாம். நோட்டு நகராது.

பேசும் இடம் வாட்ஸ்அப்பா டெலிகிராமா என்பதில் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. ஊரே வாட்ஸ்அப்பில் இருக்கிறது, நியாயமாகப் பார்த்தால் அதுதான். ஆனால் அதில் அதிகாரபூர்வ வழியில் பாட் (தானாகச் செய்தி வாங்கிப் பதில் அனுப்பும் கணக்கு) வைக்க வணிகக் கணக்கு வேண்டும். எதிராளி கடைசியாகச் செய்தி அனுப்பி 24 மணி நேரத்துக்குள் என்றால்தான் நாம் விரும்பியபடி பதில் எழுதலாம். அதைத் தாண்டினால் முன்கூட்டி ஒப்புதல் வாங்கிய வாசகம்தான் போகும். நினைவூட்டல் என்பதே கேட்காமல் வருவதுதானே? அம்மா இரண்டு நாள் எதுவும் அனுப்பாமல் இருந்தால் மாத்திரை மணி அடிக்க அனுமதி வாங்கிய வாசகம் வேண்டும். குறுக்கு வழியில் இணைக்கும் நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. அதில் போனால் போன் எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடும் அபாயம் உண்டு. ஐஸ்காரர், டீசல்காரர், யாவாரி எல்லோரிடமும் இருக்கும் அண்ணன் எண்ணை வைத்து அந்தச் சூதாட்டம் ஆட நான் தயாரில்லை.

டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் பாட்டின் பெயரைச் சொன்னால், நம் நிரலை அதோடு இணைக்கும் சாவியைத் தந்துவிடும். கட்டணம் இல்லை. நம் நிரல் அவ்வப்போது போய் "ஏதாவது வந்ததா" என்று கேட்டுக்கொள்ளலாம் என்பதால், வீட்டு நெட்டுக்குத் தனி முகவரி தேவையில்லை. நம் பக்கம் கரண்ட் இல்லாமல் நிரல் நின்றிருந்தாலும், வந்த செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருந்து தரும். "இதுக்குன்னு இன்னொரு ஆப்பா" என்று அண்ணன் ஒரு வாரம் முணுமுணுத்தார். இப்போது இல்லை.

நிரலை எங்கே ஓட்டுவது? பழைய போனிலும் ஓடும், ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியிலும் ஓடும். உப்பையும் கரண்டையும் நினைத்து, வாடகைச் சர்வர் (வேறெங்கோ எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி) எடுத்தேன். மாதம் நானூற்றுச் சொச்சம். மாடலுக்கு நான் கட்டுவது இதுவரை எந்த மாதமும் 100 ரூபாயைத் தாண்டவில்லை. வீட்டு வாக்கியங்கள் சின்னவை, மலிவான சின்ன மாடலே போதும். பெரிய மாடல் இந்த வேலைக்கு, கருவாடு விற்கப் போக ஏசி பஸ்.

இடறி விழுந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே, அதிகாலை 5.30 மாத்திரைக்கு வைத்த மணி பகல் 11 மணிக்கு அடித்தது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நேர மண்டலத்தை ஆசியா கொல்கத்தா என்று மாற்றினால் தீர்ந்தது. அதேபோல் மாடலுக்கு இன்று என்ன கிழமை என்று தானாகத் தெரியாது. ஒவ்வொரு செய்தியோடும் தேதி, கிழமை, மணி மூன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இரண்டாவது விழுப்புண் பெரியது. நாற்று ஏற்ற வேன் "வெள்ளி ராத்திரி ரெண்டு மணிக்கு" வரும் என்று அம்மா சொன்னார். பாட் அதை வெள்ளிக்கிழமை 2.00 என்று பதிந்தது. கணினிக்கு அது வியாழக்கிழமை இரவு படுத்து எழுவதற்கு முன் வருகிற இரண்டு மணி. அம்மா எழுந்து, கட்டுகளை நனைத்துச் சாக்கில் சுற்றி, வாசலில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேன் வந்தது மறுநாள் ராத்திரி. ஒரு நாள் முழுக்கச் சாக்கை ஈரமாகவே வைத்திருக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது நள்ளிரவு முதல் 4 மணி வரை எந்த நேரம் வந்தாலும் பாட் திருப்பிக் கேட்கும்: "வெள்ளி முடிஞ்சு சனி விடியப் போற ராத்திரியா?" இந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தது அம்மாதான்.

காதும் சும்மா இருக்கவில்லை. பஸ் இரைச்சலில் அண்ணன் சொன்ன கணக்கை நான் குரலில் பதிந்தேன். "கணவாய் வித்த காசு மூவாயிரம்" என்பது "கணவர் விற்ற காசு மூவாயிரம்" என்று ஷீட்டில் ஏறியது. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஒரு வாரம் வீட்டில் அதுதான் சிரிப்பு. பாறை மீனுக்கு, கட்டுமானப் பொருளா என்று ஒருமுறை கேட்டது. தீர்வு சுலபம்: கணவாய், பாறை, சீலா, காரல், சூடை, விளைமீன், நண்டு என்று எங்கள் வீட்டில் புழங்கும் முப்பது நாற்பது சொற்களைப் பட்டியலாக்கி, ஒவ்வொரு முறையும் மாடலுக்கு முன்னால் வைத்தேன். காது தப்பாகக் கேட்டாலும் மூளை பெரும்பாலும் திருத்திக்கொள்கிறது. எது பதிந்தாலும் "இப்படி எழுதவா?" என்று ஒரு வரி வரும். சரி என்று தட்டினால்தான் ஏறும்.

மாறாத விதிகளை மாடலிடம் விடாமல் நிரலிலேயே எழுதிவிட்டேன். திங்கள், புதன், சனிதான் போட்டு நாள். முந்தின நாள் சாயங்காலம் அண்ணனுக்கு ஐஸ், டீசல் பட்டியல் போகும். அமாவாசை, பௌர்ணமித் தேதிகளும் மாடலிடம் இல்லை, நிரலில்தான். பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கும் சித்தி பாசி எடுக்கப் போகிறவர். அங்கே பெண்கள் கடலில் இறங்குவது மாதத்தில் 12 நாள்: அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. சித்திக்கும் நினைவூட்டல் வைக்க மாடலிடம் திதி கேட்டேன். இரண்டு முறை கேட்டால் இரண்டு தேதி சொன்னது. கடைசியில் நடையில் தொங்கும் காலண்டரைப் பார்த்து வருடம் முழுமைக்கும் நானே ஏற்றினேன். அரை மணி நேர வேலை.

ஒரு கேள்வியை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன். "இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா?" இதற்கு பாட் பதில் சொல்லவே சொல்லாது. காற்றின் வேகத்தைப் பற்றி மாடல் நயமாக ஒரு பத்தி எழுதிவிடும். அதை நம்பி ஒருவர் கயிறை அவிழ்த்துவிடக் கூடாது. பாம்பன் துறைமுகத்தில் என்ன எண் கூண்டு ஏறியிருக்கிறது, மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்கிறதா, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அலைக்கு என்ன எச்சரிக்கை விட்டிருக்கிறது, இவைதான் பதில். டோக்கன் கொடுப்பார்கள், கொடுக்க மாட்டார்கள் என்று ஊகிக்கக்கூட நான் அதை விடவில்லை.

வாடகை மூளையின் உண்மையான குறை, நாம் சொல்வது வெளியே போகிறது என்பது. உதாரணத்துக்கு ஜெமினியை நிரல் வழியாகப் பயன்படுத்தினால், இலவசத் திட்டத்தில் அனுப்புவது கூகுளின் பொருட்களை மேம்படுத்தப் பயன்படலாம், காசு கட்டும் திட்டத்தில் அப்படி இல்லை என்று விதிமுறையே சொல்கிறது. அதனால் காசு கட்டும் திட்டம். ஆதார், வங்கி, ஓடிபி எதுவும் பாட் பக்கம் போகாது. போட்டில் வேலை செய்கிறவர்கள் வாங்கிய முன்பணம் முதலெழுத்தோடு மட்டும் பதிகிறது, யார் எவ்வளவு கடன் என்பது அவர்கள் மானம். அம்மாவின் மாத்திரை "காலை வெள்ளை, இரவு மஞ்சள்" என்றே இருக்கிறது. எங்கள் டாக்டருக்கே அந்த மொழி பழகிவிட்டது.

கட்டி முடிக்க எனக்கு ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அதன் பிறகும் மாதம் ஒரு முறை ஏதாவது நின்றுபோகும், உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது இந்த நோண்டல் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ரெடிமேடும் ஒரு ஷீட்டும் போதும். பிடிக்கும், ஆனால் நேரம் இல்லை என்றால், மாத்திரை மணியையும் பாக்கிக் கணக்கையும் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தினமும் ஓடுவதே அந்த இரண்டும்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளுக்கு "போட்டு நிறுத்தம்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன். அதை அண்ணன் அனுப்பினால் ஐஸ், டீசல் பட்டியல் நின்று, எஞ்சின் வேலை, பெயின்ட், வலை, நிவாரணப் பணம் என்று வேறு பட்டியல் வரும். இந்த வருடம் அனுப்ப மறந்துவிட்டார். மே மாதத் திங்கட்கிழமைகளில் கரையேற்றி வைத்த போட்டுக்கு ஐஸ் ஏற்றச் சொல்லிக்கொண்டே இருந்தது. இனி அந்தத் தேதியையும் நிரலில்தான் எழுத வேண்டும்.

அம்மா மட்டும் இன்னும் டைப் அடிப்பதில்லை, குரலில் பேசவும் கூச்சம். பழையபடி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில்தான் எழுதுகிறார். எழுதி முடித்ததும் அதைப் படம் பிடித்து பாட் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார். அவர் கையெழுத்தை அது என்னைவிட நன்றாகப் படிக்கிறது.